மேடையும் மேசையும்

அமெரிக்காவில் குடியரசுத் தலைவரின் பெயரால் தன்னார்வத் தொண்டர்களுக்கு ஒரு விருது உண்டு. இளைய புஷ் காலத்தில், 2003-இல் தொடங்கியது. பன்னிரண்டு மாதத்துக்குள் 100 மணி நேரம் ஊதியமில்லாமல் ஊருக்கு உழைத்த பெரியவருக்கு வெண்கலம்; 175 மணி என்றால் வெள்ளி; 250 மணிக்குத் தங்கம். வாழ்நாளில் 4,000 மணியைக் கடந்தவருக்குத் தனிச் சிறப்பு. சிறார்களுக்கு அளவு இதைவிடக் குறைவு. அங்குள்ள தமிழ்ப் பள்ளிகளில் வார இறுதியில் உதவி ஆசிரியர்களாக நிற்கும் பதின்வயதுப் பிள்ளைகள் பலர் இதை வாங்கியிருக்கிறார்கள். கல்லூரி விண்ணப்பத்தில் ஒரு வரி கூடும் என்ற கணக்கும் அதில் இருந்தது என்பதை மறைப்பானேன்.

2025 ஏப்ரலில், இந்த விருதுக்குப் பொறுப்பான அமெரிகார்ப்ஸ் என்ற கூட்டாட்சி முகமையின் மீது கத்தி விழுந்தது. ஏறத்தாழ 40 கோடி டாலர் மானியங்கள் ரத்தாயின. ஊழியர்களில் பெரும்பாலோர் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார்கள். அடுத்த மாதமே விருதும் நிறுத்திவைக்கப்பட்டது. இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், பதக்கத்துக்கு அரசு காசு கொடுக்கவே இல்லை. தொண்டர்களின் மணிக்கணக்கைச் சரிபார்ப்பது, பதக்கத்தை விலைக்கு வாங்குவது, விழா எடுப்பது எல்லாமே அந்தந்தத் தொண்டு அமைப்புகளின் பாடு. அரசிடமிருந்து வந்தது குடியரசுத் தலைவரின் பெயரும், கையெழுத்தும், விண்ணப்பங்களை ஒழுங்குபடுத்த ஓர் அலுவலகமும்தான். அலுவலகம் முடங்கியதும், காசு கொடுக்கத் தயாராக இருந்தவர்களாலும் விருதைக் கொடுக்க முடியாமல் போயிற்று.

இது நாட்டளவிலான விருது. ஆனால் நகரங்கள் தங்கள் தொண்டர்களுக்குத் தரும் விருதுகளைப் பற்றிய விவாதத்துக்கு இதைவிடத் தெளிவான தொடக்கம் கிடைக்காது. வரவு செலவுத் திட்டத்தில் துண்டு விழும்போதெல்லாம் அந்த விருதுகள்தான் முதலில் வெட்டுப்படுகின்றன. அவற்றைக் காப்பாற்ற நினைப்பவர்களும் பெரும்பாலும் தவறான இடத்தில் காவல் நிற்கிறார்கள்: மண்டபம், விருந்து, கேடயம் ஆகியவற்றுக்குப் புரவலர் தேடி அலைகிறார்கள். விருதின் உயிர் அந்த மேடையில் இல்லை. பரிந்துரைகளை வாங்கி, படித்து, விசாரித்து, பட்டியல் போடும் மேசையில் இருக்கிறது. அந்த மேசையில் ஆள் இல்லாமல் போகும்போது விருது சாகிறது.

முதலில் வெட்டுப்படுவதற்குக் காரணம் எளிது. குப்பை அள்ளுவதும் முதியோரைப் பராமரிப்பதும் சட்டப்படி செய்தாக வேண்டிய கடமைகள். பாராட்டுவது எந்தச் சட்டத்திலும் கட்டாயமில்லை. இங்கிலாந்தின் உள்ளாட்சிகளுக்கு மைய அரசு தந்த நிதி 2010-11-க்கும் 2017-18-க்கும் இடையில் உண்மை மதிப்பில் 49.1 விழுக்காடு குறைந்தது என்று அந்நாட்டுத் தணிக்கை அலுவலகம் கணக்கிட்டது. பாதிப் பணம் போன வீட்டில் பூமாலைக்குச் செலவழிப்பதை நியாயப்படுத்துவது எந்த நகரத் தலைவருக்கும் கடினம். நூலகத்தை மூடிவிட்டு விருந்து வைக்கிறார்கள் என்று மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை எழுதும். மிச்சமாகும் தொகை அற்பம்தான் என்றாலும், வெட்டியது கண்ணுக்குத் தெரிகிறது. அதுவே அதன் அரசியல் பயன்.

அப்படியானால் இந்த விருதுகளால் உண்மையில் பயன் உண்டா? தொண்டு செய்பவர் பாராட்டுக்காகவா செய்கிறார் என்று கேட்பவர்களுக்கு ஆய்வுலகம் ஐம்பது ஆண்டுகளாகப் பதில் தேடிவருகிறது. 1970-இல் பிரிட்டிஷ் சமூக ஆய்வாளர் ரிச்சர்ட் டிட்மஸ், இரத்த தானத்துக்குக் காசு கொடுத்தால் தானம் கெடும் என்று வாதிட்டு நூல் எழுதினார். 1999-இல் புரூனோ ஃப்ரையும் லோரன்ஸ் கோட்டேயும் சுவிட்சர்லாந்துத் தொண்டர்களை ஆராய்ந்து, சிறு தொகை ஊதியமாகப் பெற்றவர்கள் பெறாதவர்களைவிடக் குறைந்த நேரமே உழைத்ததைக் காட்டினார்கள். காசு உள்ளே வந்ததும் உறவு மாறிவிடுகிறது. ‘இந்தக் கூலிக்கு இவ்வளவு போதும்’ என்று மனம் கணக்குப் போடத் தொடங்குகிறது.

பாராட்டு அப்படி வேலை செய்வதில்லை. இதில் என்னை மிகவும் ஈர்த்தது நிக்கோலா லாசெட்டேரா, மாரியோ மாச்சிஸ் என்ற இரு பொருளியலாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வு. இத்தாலிய நகரம் ஒன்றின் இரத்தக் கொடையாளர் பதிவேடுகளை எடுத்துக்கொண்டார்கள். அங்கே இத்தனை முறை கொடுத்தால் இன்ன பதக்கம் என்று படிப்படியாக வைத்திருந்தார்கள். பதக்கத்துக்குப் பண மதிப்பு கிடையாது. ஒரு படியை நெருங்கும்போது கொடையாளர்கள் வழக்கத்தைவிட விரைவாக அடுத்த முறை வந்து கொடுப்பது பதிவேட்டில் தெரிந்தது. ஆனால் எல்லாப் படிகளிலும் அப்படி இல்லை. எந்தப் பதக்கங்களைப் பொதுவிழாவில் கொடுத்து, பெற்றவர் பெயரை உள்ளூர்ப் பத்திரிகையில் வெளியிட்டார்களோ, அவற்றுக்கு முன்னால் மட்டும்தான் அந்த வேகம். தனியாகக் கையில் கொடுத்து அனுப்பிய பதக்கங்களுக்கு அந்தப் பலன் இல்லை. ஊருக்குத் தெரிந்ததுதான் மதிப்பு. உலோகம் எந்த உலோகம் என்பது பொருட்டே இல்லை.

செலவு குறைப்பவர்கள் இந்த ஓர் ஆய்வைப் படித்திருந்தால் பல நகரங்களில் செய்ததற்கு நேர்மாறாகச் செய்திருப்பார்கள். விழாவை நிறுத்திவிட்டுக் கேடயத்தைத் தபாலில் அனுப்புவதுதான் வழக்கமான சிக்கனம். கேடயத்தை நிறுத்திவிட்டுப் பெயர்களைப் பத்திரிகையில் போட்டு, நகரமன்றக் கூட்டத்தில் எழுந்து நிற்கச் சொல்வது இன்னும் மலிவு, பலனும் கூடுதல்.

இணையத்திலும் இதே போக்கைப் பார்க்கலாம். யானா காலுஸ் ஜெர்மன் மொழி விக்கிப்பீடியாவில் புதிதாகச் சேர்ந்த ஏறத்தாழ 4,000 பங்களிப்பாளர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். குலுக்கல் முறையில் தேர்ந்த சிலருக்கு மட்டும் மூத்த பங்களிப்பாளர்கள் பெயரில் ஓர் அடையாள விருது போயிற்று. அது திரையில் தோன்றும் படம்தான், காசில்லை. விருது பெற்றவர்கள் அடுத்த மாதமும் எழுதுவதற்குத் திரும்பி வந்த விகிதம் மற்றவர்களைவிட ஐந்தில் ஒரு பங்கு அதிகம். அந்தப் பலன் உடனே மங்கிவிடவும் இல்லை. பல மாதங்கள் நீடித்தது. இத்தனைக்கும் பலர் புனைபெயரில் எழுதுபவர்கள்.

இவ்வளவோடு நிறுத்தினால் விருதுக்கு வக்காலத்து வாங்கிய கட்டுரையாகிவிடும். அதே காலுஸ் பங்கேற்ற இன்னொரு ஆய்வு எதிர்த் திசையில் சாட்சி சொல்கிறது. கலிஃபோர்னியாவில் 15,000-க்கும் மேற்பட்ட பள்ளி மாணவர்களிடையே, ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் வந்தவர்களுக்கு விருது கொடுத்துப் பார்த்தார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் விருது வாங்கிய பிள்ளைகள் அதற்குப் பிறகு மற்றவர்களைவிட அதிகமாக மட்டம் போட்டார்கள். ‘நாம் மற்றவர்களைவிடக் கூடுதலாகவே வந்திருக்கிறோம் போலிருக்கிறது, இவ்வளவு தேவையில்லை’ என்ற செய்தியைத்தான் அந்த விருது அவர்களுக்குச் சொன்னது என்பது ஆய்வாளர்கள் தரும் விளக்கம். 2021-இல் வெளியான இந்த ஆய்வு, யாரைப் பாராட்டுகிறோம், எதற்காக என்று யோசிக்காமல் வாரி வழங்குபவர்களுக்கு எச்சரிக்கை.

வாரி வழங்குவது என்றதும் நம் ஊர் நினைவுக்கு வராமல் இருக்காது. சுதந்திர தினத்தன்றும் குடியரசு தினத்தன்றும் மாவட்டத் தலைநகரின் ஆயுதப்படை மைதானத்தில் ஆட்சியர் கொடியேற்றி முடித்ததும் நற்சான்றிதழ் வழங்கும் படலம் தொடங்கும். இதற்குப் பெரிய செலவில்லை. அதனால் எந்த நிதி நெருக்கடியிலும் நின்றதில்லை. உயிரோடு வைத்திருப்பது மட்டும்தான் கேள்வி என்றால் இதைவிட வெற்றிகரமான விருது இல்லை. ஆனால் வரிசை நீளம். சான்றிதழ் வாங்குபவர்களில் பெரும் பகுதி அரசு ஊழியர்கள். துறைவாரியாகப் பட்டியல் வரும். நடுவே நான்கு பேர் இரத்த தானத்துக்காகவோ, ஆதரவற்ற பிணங்களை அடக்கம் செய்ததற்காகவோ வாங்குவார்கள். அவர்கள் யார், என்ன செய்தார்கள் என்று மைதானத்தில் இருக்கும் யாருக்கும் காதில் விழாது. ஒலிபெருக்கியில் பெயர் மட்டும் ஓடும். மறுநாள் செய்தியில் ‘இத்தனை பேருக்கு நற்சான்றிதழ்’ என்று எண்ணிக்கை வரும். இத்தாலிய நகரம் எதைச் செய்து வென்றதோ அது இங்கே விடுபட்டுப்போகிறது.

சிக்கனமும் மதிப்பும் ஒன்றாக இருக்க முடியும் என்பதற்கு வேறு உதாரணங்கள் உண்டு. பிரிட்டனில் 2002-இல் அரசியின் பொன்விழாவை ஒட்டித் தொண்டர் குழுக்களுக்காக ஒரு விருதை ஏற்படுத்தினார்கள். இப்போது அது மன்னரின் பெயரில் தொடர்கிறது. தனிமனிதருக்குக் கிடையாது, குழுவுக்கு மட்டும். பணமுடிப்பு இல்லை, மன்னர் கையெழுத்திட்ட சான்றிதழும் ஒரு கண்ணாடி நினைவுச் சின்னமும்தான். 2023-இல் 262 குழுக்கள் பெற்றன. அந்தக் குழுவில் தொண்டு செய்பவரே தம் குழுவைப் பரிந்துரைக்க முடியாது. வெளியாள் ஒருவர்தான் எழுத வேண்டும். பிறகு அந்தந்த மாவட்டத்தில் மன்னரின் பிரதிநிதியாக இருக்கும் லார்டு லெஃப்டினன்ட் அலுவலகத்தின் சார்பில் ஆட்கள் நேரில் போய்ப் பார்த்து மதிப்பிடுகிறார்கள். லார்டு லெஃப்டினன்ட் பதவிக்கு ஊதியம் கிடையாது. மதிப்பிடப் போகும் பலரும் ஊதியம் வாங்காதவர்களே. தொண்டர்களுக்கான விருதைத் தொண்டர்களே சுமக்கிறார்கள். மேசை இருக்கிறது, அதற்கான சம்பளச் செலவுதான் குறைவு.

அந்நாட்டு நகரமன்றங்களிடம் அதைவிட மலிவான ஆயுதம் ஒன்றும் இருக்கிறது. 1972-ஆம் ஆண்டின் உள்ளாட்சிச் சட்டம் 249-ஆம் பிரிவின்படி, அதற்கென்றே கூட்டிய சிறப்புக் கூட்டத்தில் மூன்றில் இரு பங்கு வாக்கு கிடைத்தால் ஒருவரை நகரத்தின் கௌரவக் குடிமகனாக அறிவிக்கலாம். செலவு, உறுப்பினர்களின் ஒரு மாலை நேரம். மூன்றில் இரு பங்கு என்ற நிபந்தனைதான் அதன் மதிப்பு: ஆளுங்கட்சி மட்டும் நினைத்தால் போதாது.

சிங்கப்பூர் இன்னொரு வழியைக் கண்டது. சமூக மன்றங்களிலும் குடியிருப்பாளர் குழுக்களிலும் ஆண்டுக்கணக்கில் உழைப்பவர்களுக்குத் தேசிய தினத்தை ஒட்டிப் பொதுச் சேவைப் பதக்கம் வழங்கப்படுகிறது. பெற்றவர் தம் பெயருக்குப் பின்னால் பிபிஎம் என்ற மூன்று எழுத்துகளைப் போட்டுக்கொள்ளலாம். அழைப்பிதழிலும் அறிவிப்புப் பலகையிலும் அந்த எழுத்துகளோடு தமிழ்ப் பெயர்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அவற்றை எவ்வளவு கவனமாகக் காப்பாற்றுகிறார்கள் என்பது. எழுத்துக்குச் செலவில்லை. ஆனால் அதே சிங்கப்பூரில் அடித்தளத் தலைவர்களுக்குப் பிள்ளைகளின் தொடக்கப்பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை என்று ஒரு சலுகையும் இருக்கிறது. அதன்மீது பொதுமக்களின் முணுமுணுப்பு ஓய்ந்ததில்லை. இவர் தொண்டுக்கு வந்தாரா, பள்ளி இடத்துக்கு வந்தாரா என்ற சந்தேகம் ஒருமுறை எழுந்துவிட்டால் உண்மையாக உழைத்தவர் மீதும் அந்த நிழல் விழும். எழுத்து மட்டும் கொடுத்த இடத்தில் அந்தச் சிக்கல் இல்லை.

கனடாவின் ஒன்ராறியோ மாநிலம் 1986 முதல் தொண்டர்களுக்குச் சட்டையில் குத்தும் சின்னங்களைக் கொடுத்துவருகிறது. ஓர் அமைப்பில் தொடர்ந்து ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு என்று உழைத்த காலமே அளவுகோல். யார் சிறந்தவர் என்று நடுவர் குழு மண்டையை உடைக்க வேண்டியதில்லை; ஆண்டைச் சரிபார்த்தால் போதும். பல ஊர்களில் சிறு விழாக்களாகப் பிரித்து நடத்துகிறார்கள். டொராண்டோவிலும் சுற்றுப்புறத்திலும் வாழும் தமிழர்களில் இந்தச் சின்னத்தைப் பெற்றவர்கள் கணிசம். வியப்பூட்டும் சாதனையாளரை இந்த முறை கண்டுபிடிக்காது என்பது உண்மை. ஆனால் ஞாயிறுதோறும் உணவு வங்கியில் பெட்டி தூக்கும் மனிதரை வேறு எந்த நடுவர் குழு கண்டுபிடிக்கும்?

இனி, எல்லோரும் முதலில் நாடும் வழிக்கு வருவோம்: தனியார் புரவலர். நகராட்சியிடம் பணமில்லை, ஒரு வங்கியோ நகைக்கடையோ ஏற்றுக்கொள்ளட்டும் என்பது. இதை நான் கடைசி வழியாகத்தான் வைப்பேன். கோயில் குழல்விளக்கில் ‘உபயம்’ எழுதி எழுதி வெளிச்சமே வராமல் போன கதைதான் இங்கும் நடக்கும். மேடையின் பின்திரையில் புரவலர் பெயர் பெரிதாகவும் தொண்டர் பெயர் சிறிதாகவும் வரும். புரவலர் உரை இருபது நிமிடம் நீளும். தொண்டருக்குப் பொன்னாடை போர்த்த நாற்பது வினாடி. அதைவிடப் பெரிய ஆபத்து தேர்வில் கைவைப்பது. அடுத்த ஆண்டு புரவலர் தம் ஊழியர்களின் ‘சமூகப் பொறுப்புப் பிரிவு’ என்று ஒரு விருதைச் சேர்க்கச் சொல்வார். மறுத்தால் பணம் வராது. அதற்கு அடுத்த ஆண்டு அவருடைய வணிகமே படுத்துவிடலாம். அப்போது விருது மீண்டும் அநாதை. புரவலரிடம் பணம் வாங்கியே தீர வேண்டுமென்றால் ஒருமுறை மொத்தமாக வைப்புத்தொகையாக வாங்கி, வட்டியில் நடத்துவது தேவலை. பல்கலைக்கழகங்களில் அறக்கட்டளைச் சொற்பொழிவுகள் இப்படித்தான் பல தலைமுறை ஓடுகின்றன.

பொது அமைப்புகள் விலகிய இடம் காலியாக இருப்பதும் இல்லை. 2023 பிப்ரவரியில் சென்னை அண்ணா பல்கலைக்கழக வளாகத்து அரங்கில் ஒரு தனியார் அமைப்பு, திரைக்கலைஞர்கள் உட்படப் பலருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் வழங்கியது. அது பல்கலைக்கழகம் கொடுத்த பட்டமே இல்லை என்று பிறகு தெரிந்தது. பல்கலைக்கழகம் காவல்துறையிடம் புகார் கொடுத்தது. அரங்கை வாடகைக்கு எடுத்ததன் மூலம் அதன் மதிப்பையும் சேர்த்து எடுத்துக்கொள்ள முடிந்தது என்பதுதான் அந்தச் சம்பவத்தின் சாரம். சென்னையின் வாடகை அரங்குகளில் ‘சேவைச் செம்மல்’ போன்ற பட்டங்கள் பதிவுக் கட்டணத்துக்குக் கிடைப்பது ஊரறிந்த இரகசியம். வாங்குபவர்களை மட்டும் கேலி செய்து பயனில்லை. இருபது ஆண்டு தெருநாய்க்குச் சோறு போட்டவரையோ மாலைப் பள்ளி நடத்தியவரையோ ஊர் சார்பில் யாரும் ஒருமுறைகூட அழைத்து உட்காரவைக்கவில்லை என்றால், அவர் காசு கொடுத்தாவது அந்த நாற்காலியில் உட்கார நினைப்பதைப் புரிந்துகொள்ளலாம்.

இந்த இடத்தில் கடினமான எதிர்வாதம் ஒன்றுக்குப் பதில் சொல்லாமல் நகர முடியாது. பிரிட்டனில் டேவிட் கேமரன் 2010-இல் ஆட்சிக்கு வந்ததும் சிக்கன நடவடிக்கையும் ‘பெரும் சமூகம்’ என்ற முழக்கமும் ஒன்றாகவே வந்தன. அந்த ஆண்டு இறுதியிலேயே பெரும் சமூக விருதுகளும் தொடங்கின. 2014-இல் நாளுக்கு ஒரு தொண்டரைப் பிரதமர் பாராட்டும் ‘ஒளிப்புள்ளிகள்’ விருதும் சேர்ந்துகொண்டது. மூத்த புஷ் அமெரிக்காவில் தொடங்கியதன் வழிவந்தது அது. அதே பத்தாண்டில் பிரிட்டனில் ஏறத்தாழ 800 நூலகங்கள் மூடப்பட்டன. நூலகத் தொண்டர்களின் எண்ணிக்கை 50,000-ஐத் தாண்டியது. சம்பளம் வாங்கிய நூலகரை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவர் இடத்தில் காசு வாங்காமல் உட்கார்ந்தவருக்குச் சான்றிதழ் கொடுப்பது பாராட்டா, வேலை வாங்கும் தந்திரமா? தொண்டர்கள் முட்டாள்கள் இல்லை. இங்கிலாந்தில் ஓர் அமைப்பின் வழியாக மாதம் ஒருமுறையாவது தொண்டு செய்வோர் 2013-14-இல் 27 விழுக்காடு; 2021-22-இல் 16. இந்தச் சரிவில் பெருந்தொற்றின் பங்கு பெரிது, முழுப் பழியையும் சிக்கனத்தின் மீது போட முடியாது. ஆனால் விருதுகள் பெருகிய காலத்தில் தொண்டர்கள் பெருகவில்லை என்பது தெளிவு.

எனவே, நிதி வெட்டின் நடுவே விருதைக் காப்பாற்ற வாதாடுபவர் ஒரு நிபந்தனையைச் சேர்த்தே வாதாட வேண்டும் என்பது என் முடிவு. நகரமே வெட்டிய வேலையை இட்டு நிரப்பியதற்காக விருது கொடுக்கக் கூடாது. கொடுத்தால், அந்தத் தொண்டர் மன்றத்தில் எழுந்து பேச ஐந்து நிமிடமும் கொடுக்க வேண்டும். ‘நூலகரைத் திரும்ப எடுங்கள்’ என்று அவர் சொன்னால் அதையும் கூட்டக் குறிப்பில் பதிய வேண்டும்.

நிறுத்திவிட்டுப் பிறகு பார்க்கலாம் என்பதும் தோன்றுகிற அளவுக்கு எளிதில்லை. பிரிட்டிஷ் பேரரசுப் பதக்கத்தை ஜான் மேஜர் 1993-இல் நிறுத்தினார். காரணம் பணம் அல்ல, வர்க்க பேதம் காட்டுகிறது என்ற குற்றச்சாட்டு. உள்ளூர்த் தொண்டர்களுக்கென்று அதை மீட்டெடுக்க 2012 ஆயிற்று. நாட்டின் பழமையான பதக்கத்துக்கே பத்தொன்பது ஆண்டு. ஒரு நகரத்து விருது மூன்று ஆண்டு நின்றால் போதும்: பரிந்துரை எழுதிப் பழகிய பள்ளித் தலைமையாசிரியர் ஓய்வு பெற்றிருப்பார், கோப்பு எந்த அலமாரியில் என்று தெரிந்தவர் மாற்றலாகிப் போயிருப்பார். ஆண்டுதோறும் முடியாவிட்டால் ஈராண்டுக்கு ஒருமுறை என்று வெளிப்படையாக அறிவித்துவிடுவது, ‘இந்த ஆண்டு தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று தொடங்கும் அறிவிப்பைவிட நல்லது.

சென்னை போன்ற மாநகரத்தில் என்ன செய்யலாம்? 2015 டிசம்பர் வெள்ளத்தில் மீனவர்கள் படகுகளை எடுத்துக்கொண்டு தெருத்தெருவாக வந்ததை மறந்தவர் யாரும் இல்லை. அதற்கு அடுத்த ஆண்டு அக்டோபரில் மாமன்றத்தின் காலம் முடிந்தது. 2022 மார்ச் வரை மேயரே இல்லை. நகரத்தின் சார்பில் கைகுலுக்க ஆளில்லாத அந்த ஐந்தாண்டுகளுக்கு எந்த நிதி ஒதுக்கீடும் ஈடாகியிருக்காது. இப்போது மன்றம் இருக்கிறது. ரிப்பன் மாளிகையில் கூடுகிறது. கூட்டத்தின் முதல் பத்து நிமிடத்தில் இரண்டு பேரையோ ஒரு குழுவையோ அழைத்து, அவர்கள் செய்ததை நான்கு வரியில் வாசித்து, மேயர் கையால் ஒரு தாளைக் கொடுத்தால் போதும். மண்டப வாடகை இல்லை, சாப்பாடு இல்லை. பத்திரிகையாளர்கள் ஏற்கெனவே உட்கார்ந்திருப்பார்கள். அந்த நான்கு வரியை எழுதுவதற்கு மட்டும் ஆள் வேண்டும். நேரில் போய், அக்கம்பக்கத்தில் விசாரித்து, பெயரின் தலைப்பெழுத்தைச் சரிபார்த்து எழுதுகிற ஆள்.

சிக்கல் பரிந்துரையில் வரும். 200 வார்டு உறுப்பினர்களிடம் பெயர் கேட்டால் பட்டியல் எப்படி இருக்கும் என்று யாரும் ஊகிக்கலாம்; வட்டச் செயலாளர்களின் மைத்துனர்களே முதல் மூன்று ஆண்டுகளை நிரப்பிவிடுவார்கள். பிரிட்டிஷ் முறையில் இருக்கும் வெளியாள் பரிந்துரை விதி இங்கேதான் உதவும். தொண்டைப் பெற்றவர்தான் எழுத வேண்டும்: மருத்துவமனை வாசலில் சோறு வாங்கியவர், மாலைப் பள்ளியில் படித்த பிள்ளையின் தாய். எழுதத் தெரியாதவர் வாயால் சொல்லலாம். மேசையில் இருப்பவர் எழுதிக்கொள்ளட்டும். பரிந்துரைத்தது யார், நேரில் போய்ப் பார்த்து வந்தது யார் என்ற இரண்டு விவரங்களையும் பரிந்துரைத்தவரின் சம்மதத்தோடு விருதுப் பட்டியலிலேயே அச்சிட வேண்டும் என்று ஒரு விதி வைத்தால், பாதிப் பெயர்கள் பட்டியலுக்கு வருமுன்பே உதிர்ந்துவிடும்.